இருபுறமும் ஓடும் சொல்

ஜேர்மன் பாடசாலைகளில் மேல்வகுப்புக்களை எட்டிவிட்ட எம் பிள்ளைகள், ஒரு நாள் இல்லாவிடினும் இன்னொரு நாள், ‘அம்பிகுவஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டுவந்து அதன் பொருள் யாதெனப் பெற்றோரிடம் கேட்பார்கள். ஆங்கில – தமிழ் அகராதியைப் புரட்டினால் ‘ஐயத்துக்கிடமான’, ‘பொருள் தெளிவற்ற’, ‘இருபொருள்படும்’ முதலான விளக்கங்களைக் காணலாம். பிள்ளை அவற்றுள் ஒன்றை எழுதிக்கொண்டு எழுந்து போய்விடும். எனினும், புலம்பெயர்ந்து வாழும் எமக்கு அச்சொல் சொல்லும் கதை அவ்வளவு விரைவில் முடிந்துவிடுவதன்று.

அது இலத்தீன் மொழியிலிருந்து பதினாறாம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘அம்பி’ என்றால் இருபுறமும், சுற்றிலும் என்று பொருள். ‘அகெரெ’ என்றால் ஓட்டுதல், செலுத்துதல். ஆடு மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போவதற்கும் உரோமர் இவ்வினையைத்தான் வழங்கினர். இரண்டும் சேர்ந்தபோது சுற்றிச் சுற்றி ஓட்டுதல், எப்பக்கம் போவதெனத் தெரியாது அலைதல் என்னும் பொருள் பிறந்தது. அதிலிருந்து ஐயுறுதல் என்னும் பொருள் கிளைத்தது. பொருளொன்றைத் தேடிப் புறப்பட்டு, இரு ஒழுங்கைகளிலும் மாறி மாறி ஓடி, ஒரு வீட்டுப் படலையையும் திறக்காமல் திரும்பி வருகின்ற மனிதனை இச்சொல்லுக்குள் காணலாம்.

இந்த ‘அம்பி’க்குக் கிரேக்க மொழியில் ‘அம்பி’ என்றே ஓர் உறவுச்சொல் உண்டு. நீரிலும் நிலத்திலும் வாழும் தவளை போன்ற உயிர்களுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் அதிலிருந்து வந்தது. ஜேர்மன் மொழியில் அதன் உறவு ‘உம்’ என்னும் சிறு சொல். வாகனச் சாரதிப் பத்திரம் எடுக்கப் போனவர்கள் ‘உம்ஃபாரன்’ என்னும் வினையை அறிந்திருப்பார்கள். ‘ஃபா’ என்பதை அழுத்திச் சொன்னால் ஒன்றைச் சுற்றிக்கொண்டு போதல். ‘உம்’ என்பதை அழுத்திச் சொன்னால் அதையே மோதி வீழ்த்துதல். பாதையில் நிற்கும் மனிதரைச் சுற்றிப் போங்கள் என்று சொல்ல நினைத்து, அழுத்தம் மாறினால், இடித்துத் தள்ளுங்கள் என்றாகிவிடும்! எழுத்தில் இரண்டும் ஒன்றே.

ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய இன்னொரு சொல் ‘இக்குவிவொக்கல்’. சமமான என்று பொருள்படும் ‘எக்குவுஸ்’, குரல் என்று பொருள்படும் ‘வொக்ஸ்’ என்னும் இலத்தீன் சொற்களின் சேர்க்கை அது. இரு பொருள்களும் ஒரே குரலில், ஒரே நிறையில் ஒலிக்கின்றன என்பது கருத்து. இவ்விரு சொற்களுக்குமிடையே ஆங்கிலேயர் காட்டும் வேறுபாடு கவனிக்கத்தக்கது. முன்னையது தற்செயலாகவும் நிகழலாம். எழுதியவரின் கவனக்குறைவாகவும் இருக்கலாம். பின்னையதில் பெரும்பாலும் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: பிடிகொடாமற் பேச வேண்டும் என்னும் எண்ணம்.

அவ்வெண்ணத்தின் பின்னால் ஒரு தூக்குமரமும் நிற்கிறது. 1605 ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க நடந்த சதி வெளிப்பட்டபோது, அந்நாட்டில் மறைந்து வாழ்ந்த இயேசுசபைக் குருவான ஹென்றி கார்னெற் பிடிபட்டார். கத்தோலிக்கராக இருப்பதே ஆபத்தாயிருந்த காலம் அது. வீட்டுக்குள் குருவானவர் ஒளிந்திருக்கிறாரா என்று காவலர் கேட்டால் என்ன சொல்வது? பொய் சொன்னால் பாவம். உண்மை சொன்னால் அவரது உயிர் போய்விடும். ஆகவே, கேட்பவர் ஒரு பொருளையும் சொல்பவர் மனத்துள் இன்னொரு பொருளையும் கொள்ளத்தக்கதாக விடையளிக்கலாம் என்று ஒரு கோட்பாட்டை அவர்கள் வகுத்திருந்தனர். அந்தக் கோட்பாடே நீதிமன்றத்தில் கார்னெற்றுக்கு எதிராக நின்றது. 1606 மே மாதத்தில் இலண்டனில் அவர் தூக்கிலிடப்பட்டார். ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில் குடிபோதையில் கதவு திறக்க வரும் வாயிற்காவலன், இருபொருள்படப் பேசி நரகத்துக்கு வந்த ஒருவனைக் கேலி செய்வது இவரைச் சுட்டியே என்பது ஆய்வாளர் கருத்து. அந்த நாடகத்தில் மக்பெத்தை அழிப்பதும் சூனியக்காரிகள் கூறிய இருபொருள் வாக்குத்தான்.

ஜேர்மன் மொழி கற்கும் இளையோருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அகராதியைப் பார்த்து இருபொருளுடைய என்பதற்கு ‘ஸ்வைடொய்ற்றிக்’ என்று எழுதிவிடுகிறார்கள். அச்சொல்லுக்கு அப்பொருள் உண்டுதான். ஆனால் பேச்சு வழக்கில் அதற்கு விரசமான பகிடி என்னும் சாயல் ஏறிவிட்டது. ஆசிரியையின் கூற்றை அவ்வாறு வருணித்தால் வகுப்பு சிரிக்கும். ‘டொப்பல்டொய்ற்றிக்’ அல்லது ‘மேயர்டொய்ற்றிக்’ என்று எழுதுவதே பாதுகாப்பானது. இச்சொற்களுக்கெல்லாம் எதிரிடையான ‘ஐன்டொய்ற்றிக்’ என்பதைப் பின்னர் சந்திப்போம். ஒரே பொருள் மட்டும் கொண்ட, ஐயத்துக்கிடமற்ற என்று அதற்குப் பொருள். இந்நாட்டு அலுவலகங்கள் அனைத்தும் எம்மிடம் வேண்டி நிற்பது அதையே.

குணமும் குற்றமும்

இருபொருட் சொல்லைப் பற்றி எமது இலக்கண ஆசிரியர்களும் வெகுகாலம் முன்பே சிந்தித்து வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் பலபொருள் ஒருசொல்லை இருவகையாகப் பிரிக்கிறார். ஒருவகை, உடன் வரும் வினையால் பொருள் தெளிவது. மற்றது, வினையாலும் தெளியாதது. உரைகாரர்கள் ‘மா’ என்னும் சொல்லை எடுத்துக்காட்டுவர். மா பூத்தது என்றால் அது மரம் என்பது தெளிவு. மா வீழ்ந்தது என்றாலோ, வீழ்ந்தது மரமா விலங்கா? இத்தகைய இடத்தில் சொல்ல வந்ததைக் கிளந்து, அதாவது வெளிப்படையாக எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்பது தொல்காப்பியர் கட்டளை. இக்கட்டளையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்கிறேன்.

பவணந்தி முனிவரின் நன்னூல் இன்னும் சுவையானது. ஒரு நூலில் இருக்கக்கூடாத பத்துக் குற்றங்களுள் ‘மயங்க வைத்தல்’ என்பதை அவர் வைக்கிறார். அதே நூலின் முப்பத்திரண்டு உத்திகளுள் ‘இரட்டுற மொழிதல்’ என்பதையும் வைக்கிறார். இரண்டிலும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று தண்டிக்கப்படுகிறது, மற்றது பாராட்டப்படுகிறது. இரட்டுற மொழிபவன் இரு பொருளையும் அறிந்து இரண்டையும் தருகிறான். மயங்க வைப்பவன் ஒன்றையும் தராது விடுகிறான் என்று மாணவருக்கு நான் விளக்குவதுண்டு.

அணியிலக்கணத்தில் இதுவே சிலேடையாகிறது. தண்டியலங்காரம் அதனைச் செம்மொழிச் சிலேடை என்றும் பிரிமொழிச் சிலேடை என்றும் பகுக்கும். சொல் உடையாமல் நின்று இருபொருள் தருவது முதலாவது. ‘பலகை’ என்பதை மரப்பலகை என்றும், பல கைகள் என்றும் பிரித்துக் கொள்வது போன்றது இரண்டாவது. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த காளமேகப் புலவரைச் சிலேடையில் வெல்ல ஆளில்லை. பாம்பையும் எள்ளையும், பாம்பையும் எலுமிச்சம்பழத்தையும், வைக்கோலையும் யானையையும் ஒரே வெண்பாவில் பாடியவர் அவர். வைக்கோலும் யானையும் எங்கே சந்திக்கும் என்று கேட்கலாம். ‘களம்’ என்னும் சொல்லில் சந்திக்கின்றன. வைக்கோலுக்கு அது நெல்லடிக்கும் களம், யானைக்குப் போர்க்களம்.

காளமேகத்தின் பாட்டில் இரு பொருளும் ஒருங்கே நிற்க இடமுண்டு. ஒன்று மற்றதைத் துரத்துவதில்லை. அலுவலக மேசையில் அப்படியில்லை. அங்கே ஒரு பொருள்தான் எழுதப்படும். எது எழுதப்படும் என்பதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் அச்சொல்லைச் சொன்னவராக இருப்பதில்லை. இருபொருட் சொல்லில் அகதிக்கு உள்ள ஆபத்து இதுவே என்பது என் கருத்து.

விசாரணை அறையில் யாழ்ப்பாணத் தமிழ்

1983 ஜூலைக்குப் பின் ஆயிரக்கணக்கில் இந்நாட்டை வந்தடைந்த எம்மவர் எல்லோரும் கடந்து வந்த ஓர் அறை உண்டு. புகலிடக் கோரிக்கையை விசாரிக்கும் அறை. அலுவலர் ஒருபுறம், மொழிபெயர்ப்பாளர் ஒருபுறம், நாம் ஒருபுறம். அதற்கு ஜேர்மன் மொழியில் ‘அன்ஹோருங்’ என்று பெயர். செவிமடுத்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். எம்மவர் அதனை விசாரணை என்றே வழங்கினர். தமிழில் ‘கேட்டல்’ என்று சொன்னால் செவிமடுப்பதும் வினவுவதும் ஒருங்கே அடங்கிவிடும். அந்த அறைக்கு மிகப் பொருத்தமான பெயர் அதுவாகவே இருந்திருக்கும்.

அந்த அறையில் மொழிபெயர்ப்பவர் யாழ்ப்பாணத்தவராகவோ மட்டக்களப்பாராகவோ இருந்துவிட்டால் கவலை குறைவு. தமிழ்நாட்டுத் தமிழ் மட்டுமே பழகிய ஒருவராயின், அவர் எவ்வளவு நேர்மையாளராக இருந்தாலும், சில சொற்கள் அவரை இடறிவிடும். ‘இரண்டு கிழமை ஆமிக் காம்பில் வைத்திருந்தவங்கள்’ என்கிறார் எம்மவர். எமக்குக் கிழமை என்பது ஏழு நாள். தமிழ்நாட்டாருக்கு அது வாரம். கிழமை என்பது திங்கள், செவ்வாய் என்னும் நாளின் பெயர். பதினான்கு நாட் சிறை இரண்டு நாளாகச் சுருங்கிவிட வழியுண்டு. ‘ஆமிக்காரன் பேசினவன்’ என்றால் எமக்கு அவன் ஏசினான், திட்டினான் என்பது பொருள். கதைப்பதற்குத்தான் ‘கதைத்தான்’ என்ற சொல் இருக்கிறதே. அங்கே ‘பேசினான்’ என்றால் உரையாடினான் என்பதே. துப்பாக்கி முனையில் வாங்கிய வசை சுமுகமான சம்பாஷணையாக எழுதப்பட்டால் வாசிப்பவர் என்ன நினைப்பார்?

‘சிலவேளை’ என்பது இவற்றுள் மிகக் கொடியது. ‘நான் வந்தாப்பிறகு சிலவேளை வீட்டை தேடி வந்திருப்பாங்கள்’ என்கிறார் ஒரு தந்தை. ‘ஒருவேளை வந்திருக்கலாம்’ என்று அவர் எண்ணுகிறார். இலக்கியத் தமிழிலும் தமிழ்நாட்டு வழக்கிலும் சிலவேளை என்பது ‘சில சமயங்களில்’. ஊகம் நடந்த செய்தியாகிவிட்டது. அடுத்த கேள்வி, எத்தனை தடவை வந்தார்கள், யார் சொன்னார்கள் என்பது. தந்தையார் திகைத்து, வந்ததாக எனக்குத் தெரியாது என்கிறார். இப்போது ஒரு முரண்பாடு பதிவாகிவிட்டது. ‘வடிவாய்த் தெரியும்’ என்பதில் அழகில்லை, தெளிவு இருக்கிறது. ‘சரியான அடி’ என்பதில் நியாயமில்லை, மிகுதி இருக்கிறது. ‘அவை வந்தவை’ என்பதில் எமக்கு மனிதர் தெரிகின்றனர். பள்ளிக்கூடத் தமிழ் கற்றவருக்கு அஃறிணைப் பொருள்கள் தெரிகின்றன.

உறவுமுறை இன்னொரு பொறி. பெரியப்பாவின் மகன் எமக்கு அண்ணன்தான். ‘ஒன்றுவிட்ட’ என்னும் அடைமொழியை அளந்து பார்க்கும் நேரத்தில் மட்டுமே சேர்ப்போம். முதல் நாள் உடன்பிறந்தோர் மூவர் என்று சொன்னவர், இன்னொரு நாள் ‘அண்ணனை 1987 இல் இந்திய இராணுவம் பிடித்தது’ என்று நான்காவது ஒருவரைக் குறிப்பிட்டால், ஜேர்மன் ஏட்டில் ‘புறூடர்’ என்று எழுதப்பட்டு, அந்தச் சகோதரர் எங்கிருந்து முளைத்தார் என்ற கேள்வி எழும். ‘மாமா’ என்றால் தாயின் சகோதரனா, மனைவியின் தந்தையா? ஜேர்மன் மொழிக்கு அவை இரு வெவ்வேறு மனிதர்.

இவையெல்லாம் சொற்களால் வந்த இடர்கள். இன்னொன்று அச்சத்தால் வந்தது. தமிழில் எழுவாய் இல்லாமலே பேசலாம். ‘வந்து பிடிச்சுக்கொண்டு போட்டினம்’ என்றால் போதும். யார் வந்தார் என்பது கேட்பவருக்குத் தெரியும். தெரியாதவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இராணுவம், இந்திய அமைதிப்படை, ஒன்றுக்கொன்று பகையான இயக்கங்கள் என்று ஆட்சி மாறிக்கொண்டிருந்த ஊரில், பெயர் சொல்லாமற் பேசுவதை நாம் பிள்ளைப் பருவத்திலேயே கற்றுக்கொண்டோம். ‘அவை’, ‘ஆக்கள்’, ‘பெடியள்’ என்னும் சொற்கள் எந்தக் காதில் விழுந்தாலும் உயிருக்கு உலைவைக்காதவை. ‘இயக்கம்’ என்றால் எந்த இயக்கம்? ‘காம்ப்’ என்றால் இராணுவத்தின் முகாமா, இயக்கத்தின் முகாமா, அகதி முகாமா? நாம் வேண்டுமென்றே அவற்றைத் திறந்தபடி விட்டோம். இங்கிலாந்தில் கார்னெற்றின் காலத்துக் கத்தோலிக்கர் செய்ததும் அதுவே.

அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டே ‘ஐன்டொய்ற்றிக்’ வேண்டும் என்கின்ற அறைக்குள் வந்தோம். ஜேர்மன் வாக்கியம் எழுவாய் இல்லாமல் நில்லாது. நாம் விட்ட வெற்றிடத்தை மொழிபெயர்ப்பவர் ‘இராணுவத்தினர்’ என்றோ ‘அவன்’ என்றோ நிரப்ப நேர்ந்தது. சோதனைச் சாவடியில் உயிர் காத்த மூடிப்பேச்சு இங்கே நம்பகமின்மையாகக் கணிக்கப்பட்டது. ‘உதவி செய்தனாங்கள்’ என்னும் ஒரு தொடரை எண்ணிப் பாருங்கள். வாசலுக்கு வந்த ஆயுதந் தாங்கிய இளைஞருக்குச் சோறு கொடுத்ததும் உதவி, இயக்கத்தில் பொறுப்பெடுத்து வேலை செய்ததும் உதவி. 2006 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் தமிழீழ விடுதலைப் புலிகளைத் தடைப் பட்டியலிற் சேர்த்த பின்னர், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஒருவரது வாழ்வையே மாற்றத்தக்கதாயிற்று.

இப்பொழுதும் புதியவர் சிலர் வந்துகொண்டிருப்பதால் இரு குறிப்புக்களை அழுத்திச் சொல்கிறேன். முதலாவது, ‘ஓம்’ என்னும் எம் சொல். மற்றவர் பேசும்போது இடையிடையே ‘ஓம், ஓம்’ என்பது நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு அடையாளம். ஏட்டில் அது ‘ஆம், ஒப்புக்கொள்கிறேன்’ என்றாகிவிடலாம். மற்றது, பதிவு செய்ததை முடிவில் எம் மொழியில் திருப்பி வாசித்துக் காட்டும் வேளை. பல மணிநேரக் களைப்பில், எப்போது வெளியே போவோம் என்றிருக்கையில், ‘சரி, சரி’ என்று தலையாட்டிவிடுகிறோம். போதும் என்பது எமது ‘சரி’; பிழையேதும் இல்லை என்பது ஏட்டின் ‘சரி’. அதன் கீழே கையொப்பம். அந்த வேளையில் எத்தனை தடவை வேண்டுமாயினும் நிறுத்தி, நாளையும் நேரத்தையும் உறவையும் கிளந்து சொல்லித் திருத்தலாம். தொல்காப்பியர் கட்டளையை நினைவில் வைக்கக் கேட்டது இதற்காகவே.

அலுவலகத்தின் இருபொருள்

எம்மிடம் ஒருபொருட் சொல்லை வேண்டும் அலுவலகம் தானும் அப்படியே பேசுகிறதா? கடிதங்களை விரித்து வைத்தால் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது.

‘அவுஃப்ஹேபன்’ என்னும் வினையைப் பாருங்கள். கீழே கிடப்பதைத் தூக்கி எடுத்தல் என்பது ஒரு பொருள். பாலர் பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். பத்திரமாக எடுத்து வைத்தல் என்பது இரண்டாவது. இல்லாமற் செய்தல், இரத்துச் செய்தல் என்பது மூன்றாவது. ஒரு தாயார் கடிதமொன்றுடன் மகிழ்ச்சியோடு என்னிடம் வந்தார். அவருக்குக் கிடைத்துவந்த உதவிப்பணம் பற்றிய தீர்மானம் ‘அவுஃப்கெஹோபன்’ செய்யப்படுகிறது என்று அதில் இருந்தது. விளையாட்டுப் பொருளை எடு என்று பிள்ளைக்குச் சொல்லும் சொல்லாயிற்றே, பணத்தைத் தூக்கி விடுகிறார்கள், உயர்த்துகிறார்கள் என்று அவர் கொண்டுவிட்டார். உண்மையில் அது நிறுத்தப்பட்டிருந்தது. கடிதத்தைப் பெற்று ஒரு மாதத்துள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அந்த மாதத்தில் நான்கு நாட்களே எஞ்சியிருந்தன.

இச்சொல்லின் முரணை வியந்தவர் சாதாரண மனிதரல்லர். 1770 இல் ஸ்ருட்காட் நகரிற் பிறந்த தத்துவஞானி ஹேகல், காத்தலையும் அழித்தலையும் ஒரே சொல்லில் அடக்கிய தம் மொழியைத் தமது தர்க்கவியல் நூலிற் புகழ்ந்து எழுதினார். தம் தத்துவத்துக்கே அதை ஒரு தூணாக நாட்டினார். இலத்தீனின் ‘தொல்லெரெ’யையும் அவர் சுட்டினார். உயர்த்துவதும் அகற்றுவதும் அதன் பொருள்கள். உரோமப் பேச்சாளர் சிசரோ, இளைஞன் ஒக்ரேவியனைப் போற்ற வேண்டும், கௌரவிக்க வேண்டும் என்று தொடங்கி இந்தச் சொல்லில் முடித்தாராம். தமிழில் அதற்கு அச்சொட்டான சொல் உண்டு: தூக்க வேண்டும்! உயரத் தூக்குவதா, தூக்கிலிடுவதா? செய்தி ஒக்ரேவியன் காதுக்கு எட்டியது. அதே ஆண்டில், கி.மு. 43 இல், ஒக்ரேவியனும் கூட்டாளிகளும் வெளியிட்ட கொலைப்பட்டியலில் சிசரோவின் பெயர் இருந்தது.

‘வீடர்ஸ்புருக்’ இன்னொன்று. எதிர்த்துச் சொல்லுதல் என்பது அதன் உறுப்புக்களின் பொருள். அகதியின் வாக்குமூலத்தில் அது இருந்தால் முரண்பாடு; கோரிக்கையை மறுக்க அதுவே காரணம். அலுவலகத்தின் கடிதத்துக்கு எதிராக நாம் எழுதினால் அதற்கும் அதே பெயர்; அப்போது அது ஆட்சேபம், சட்டம் தரும் உரிமை. (புகலிடத் தீர்ப்புக்களுக்கு எதிராக இவ்வகை ஆட்சேபம் செல்லாது, நிர்வாக நீதிமன்றத்துக்கே போகவேண்டும். சமூக உதவி முதலான விடயங்களுக்கே இது பொருந்தும். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவணையைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.)

ஆயினும் இவையனைத்தையும் விஞ்சி நிற்பது ‘டுல்டுங்’. எம்மவரிடையே இந்தச் சொல்லை மொழிபெயர்க்க ஒருவரும் முனைந்ததில்லை; அப்படியே எடுத்தாண்டோம். ‘டுல்டுங்கில் இருக்கிறார்’ என்றால் மறுவிளக்கம் தேவைப்படாது. சகித்தல், பொறுத்துக்கொள்ளுதல் என்பது ‘டுல்டன்’ என்னும் வினையின் பொருள். இலத்தீன் ‘தொலெராரெ’யும், மேலே பார்த்த ‘தொல்லெரெ’யும் இதே வேரில் முளைத்தவை, சுமத்தல், தாங்குதல் என்பது வேரின் பொருள். பொறுமைக்கு ஜேர்மன் மொழியில் ‘கெடுல்ட்’ என்பார்கள். அதுவும் இக்குடும்பமே.

சட்டம் அதற்குக் கொடுக்கும் பொருளோ, நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தல் என்பது. 1991 தொடக்கம் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டவர் சட்டத்திலும், அதன் இடத்தைப் பிடித்து 2005 தொடக்கம் நடைமுறையிலிருக்கும் வதிவிடச் சட்டத்திலும் அது உண்டு. குறுக்கே சிவப்புக்கோடு இழுத்த அந்தப் பத்திரத்தில், இது வதிவிட அனுமதி அன்று, இதை வைத்திருப்பவர் நாட்டை விட்டு வெளியேறக் கடமைப்பட்டவர் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. வெளியேற வேண்டியவர் என்பதற்கும், இப்போதைக்கு வெளியேற்றப்படமாட்டார் என்பதற்கும் அத்தாட்சி ஒரே தாள்! மூன்று மாதம், ஆறு மாதம் என்று அதை நீட்டி நீட்டி, பிள்ளை பிறந்து பாடசாலைக்குப் போகும் வயது வரை அதிலேயே வாழ்ந்த குடும்பங்கள் எத்தனை! ‘நிறுத்தி வைத்தல்’ என்று நாம் மொழிபெயர்க்கும் ‘அவுஸ்செற்சுங்’ என்னும் சொல்லுக்கும் இன்னொரு பொருள் உண்டு. பெற்ற குழந்தையைத் தெருவில் கைவிட்டுப் போவதையும் ஜேர்மானியர் அச்சொல்லாலேயே குறிப்பர்.

தமிழில் ‘பொறு’ என்னும் வினை சுமத்தலையும், மன்னித்தலையும், காத்திருத்தலையும் குறிக்கும். டுல்டுங் விடயத்தில் இம்மூன்றையும் யார் யார் செய்தார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். பொறுத்துக்கொள்பவர் தாமே என்று அரசு சொல்கிறது. பத்திரத்தின் பெயரே அதற்குச் சாட்சி. வெளிநாட்டவர் அலுவலகத்தின் கதவடியில் விடியற்காலை இலக்கத் துண்டுக்குக் காத்து நின்றவர்களோ நாம். ஏதோ குற்றம் செய்து மன்னிக்கப்பட்டவர் போன்ற கூச்சமும் எமக்கே மிஞ்சியது. அகராதியில் ஒரு சொல்லாக இருப்பதன் பொருள்களை வாழ்க்கை இப்படிப் பங்கிட்டுக் கொடுத்தது.

நாம் முதலில் தங்கவைக்கப்பட்ட விடுதியின் பெயரும் இதே பட்டியலிற் சேரும். ‘ஹைம்’ என்றால் வீடு, இல்லம். தாயகம் என்னும் சொல்லை ஜேர்மானியர் அதிலிருந்தே ஆக்கினர். அநாதைப் பிள்ளைகளை வைத்திருக்கும் இடமும், முதியோரை வைத்திருக்கும் இடமும், தெருவில் பிடித்த நாய்களை வைத்திருக்கும் இடமும் ‘ஹைம்’. வீட்டை இழந்து வந்தவர்கள் எட்டுப் பேருக்கு ஓர் அறையும், மாடிக்கு ஒரு சமையலறையுமாகக் கிடந்த கட்டடத்தை ‘ஹைம்’ என்று அழைத்தபோது, அச்சொல்லின் முதற்பொருளை எமக்குச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. இப்போது எம் பிள்ளைகள் சொல்லித்தருகிறார்கள்.

தேநீர்க் கேத்தல்

பிள்ளைகளிடமிருந்து அறிந்த இன்னொன்றையும் சொல்லலாம். ஜேர்மன் ஆரம்பப் பாடசாலைகளில் ‘ரேகெசல்ஷன்’ என்று ஒரு விளையாட்டு உண்டு. சின்னத் தேநீர்க் கேத்தல் என்பது பெயர். இருபொருள் உடைய ஒரு சொல்லை இருவர் இரகசியமாகத் தெரிந்து, ஒருவர் ஒரு பொருளையும் மற்றவர் மறுபொருளையும் மாறி மாறி வருணிப்பர். ‘என் தேநீர்க் கேத்தலில் அரசன் வாழ்ந்தான்’ என்பார் ஒருவர். ‘என் தேநீர்க் கேத்தல் கதவில் தொங்கும்’ என்பார் மற்றவர். விடை ‘ஷ்லொஸ்’: அரண்மனையும் அதுவே, பூட்டும் அதுவே. ‘பாங்க்’ என்றால் பணம் வைக்கும் வங்கியும் பூங்காவில் அமரும் வாங்கும். எங்கள் காளமேகத்தை ஆறு வயதுப் பிள்ளைகள் வேறு பெயரில் விளையாடுகிறார்கள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்கள் இதனைத் தமிழில் நடத்திப் பார்க்கலாம். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சலிக்கும் பிள்ளைகள்கூட இதற்குச் சலிப்பதில்லை. ‘மாலை’, ‘படி’, ‘கல்’, ‘திங்கள்’, ‘இறை’ என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. பெரியோரும் கூடி விளையாடத்தக்கதாக ஒன்றை இங்கே தருகிறேன். என் தேநீர்க் கேத்தலுக்குப் பொருள் மூன்று. ஒன்று, ஊரில் மாரி பெய்தால் பெருகும். யாழ்ப்பாணத்தில் அதைக் காண்பது அரிது. இன்னொன்று, முருகனின் முகங்களை எண்ணினால் வரும். மூன்றாவது, கொதித்துக்கொண்டு நிற்கும் ஒருவரைப் பார்த்து வீட்டுப் பெரியவர் சொல்வது.